நோன்புக்காரர்கள் மேசையில் ஒரு ஸ்டேக்

எங்கள் ஜில்லாவில் ஒரு விருந்துக்கு நாள் குறிக்க வேண்டுமென்றால் இரண்டு காலண்டர் பார்க்க வேண்டும். ஒன்று கோயில் காலண்டர், இன்னொன்று மாதா கோயிலில் தருகிற பங்குக் காலண்டர். சஷ்டி, பிரதோஷம், ஏகாதசி எல்லாம் ஒன்றில் இருக்கும். தவக்காலம், ஒருசந்தி, சுத்தபோசனம் எல்லாம் மற்றதில் இருக்கும். வீடு பால்காய்ப்பு ஆனாலும் சரி, பிள்ளைக்குப் பிறந்தநாள் ஆனாலும் சரி, இரண்டையும் புரட்டிவிட்டுத்தான் இறைச்சி வாங்குவதா, அவியல் வைப்பதா என்று முடிவு செய்வார்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம் என்பதால் வேறு வழி இல்லை. எங்கள் ஊர்களில் யாரும் இதில் தப்பு செய்வதில்லை. நாங்கள் மூன்று பேர் செய்தோம்.

மூன்று பேர் என்றால் நான், அஜிதா, அபிலாஷ். நான் லீமா. இனயத்துக்காரி, கருங்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அஜிதாவுக்குத் தக்கலையில் ஒரு பாங்கில் வேலை. அபிலாஷ் அங்கேயே எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறான். நாகர்கோவிலில் ஒன்றாகப் படித்த காலத்திலிருந்து கூட்டு. நானும் அபிலாஷும் அவரவர் கல்யாணம் முடிந்து, அவரவர் பிள்ளைகளோடு சத்தம் போட்டுக்கொண்டு கிடக்கிறோம். அஜிதா மட்டும் முப்பத்தாறு வயதாகியும் இன்னும் அவள் அம்மாவோடு இருக்கிறாள்.

அஜிதா மாட்டிறைச்சி தின்பாள். இந்தக் கதையின் தலைவலி எல்லாம் அதுதான். அவள் வீட்டில் மீன் உண்டு, எப்போதாவது கோழி உண்டு, அதுவும் அடுக்களைக்கு வெளியே தனி அடுப்பில். அதைத் தாண்டி ஒரு மிருகத்தின் பெயரைச் சொன்னால் அவள் அம்மா பகவதியம்மை எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். காலேஜில் படிக்கும்போது ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தவள், என் அம்மா தேங்காய்க்கொத்து போட்டு வறுத்து வைத்திருந்த எருமைக்கறியை, எங்கள் பேச்சில் போத்திறைச்சியை, மரச்சீனிக்கிழங்கோடு தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை வருவாள். இங்கே இது ஒன்றும் அதிசயம் இல்லை. வீட்டில் சொல்லாமல் கூட்டுக்காரி வீட்டில் தின்கிறவர்களை எண்ணத் தொடங்கினால் ஒரு பஸ் காணாது.

சில வருடம் முன்பு ஒரு மாப்பிள்ளை பார்க்க வந்தான். "நாங்க சுத்தமாக்கும், முட்டைகூட அடுக்களையில ஏத்த மாட்டோம்" என்று சொல்லிவிட்டு இவளைப் பார்த்துச் சிரித்தான். இவளும் தலையை ஆட்டிவிட்டாள். அந்தச் சம்பந்தம் ஜாதகத்தில் முறிந்தது. ஆனால் அன்று தலையாட்டியதை நினைத்து அஜிதா என் கட்டிலில் உட்கார்ந்து அழுதது எனக்கு மறக்காது.

"இனி ஒருத்தன் வந்தா அவனுக்க முன்னால வச்சுத் திங்கப் போறேன்" என்றாள். "மொகம் சுளிச்சான்னா வேண்டாம். அம்மைக்கு ஒளிச்சு, மாப்பிளைக்கு ஒளிச்சு, மாமியாருக்கு ஒளிச்சு, சாகது வரைக்கும் ஒளிச்சுத் திங்க எனக்கு ஏலாது லீமா."

இது இறைச்சியைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். கல்யாணம் என்று ஒன்று நடந்தால் அந்த வீட்டில் அவள் அவளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் கிடைக்கிறதா பாருங்கள்.

இந்த வருடம் தாணு என்று ஒருவர் வந்தார். வடசேரிக்காரர், சர்வே துறையில் வேலை, முப்பத்தொன்பது வயது. இரண்டு தடவை பார்த்துப் பேசினார்கள். ஆள் எப்படி என்று கேட்டால் அஜிதா, "கொள்ளாம், ஆனா வாயத் தொறக்க மாட்டாரு" என்றாள். அவர் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை உறுதி செய்ய வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் பரீட்சை வைக்க வேண்டும்.

பரீட்சை மண்டபம் தயாராகவே இருந்தது. சிதறால் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள், மாட்டிறைச்சியைக் கனத்த துண்டாகச் சுட்டுத் தருகிற ஸ்டேக் ஹவுஸ் ஒன்று புதிதாக வந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் இருந்து திரும்பிய ஒருத்தர், ரப்பர் ஷீட் உலர்த்துகிற பழைய புகைப்புரையை இடிக்காமல் கண்ணாடி போட்டு, மேசை போட்டு நடத்துகிறார். கொஞ்சம் மேசைதான், வெகு நாள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். எங்கள் மூன்று பேரின் வருடாந்தரச் சாப்பாட்டுக்கு என்று அபிலாஷ் பொங்கல் சமயத்திலேயே ஒரு சனிக்கிழமை மத்தியானம் சொல்லி வைத்திருந்தான். தேதியை எங்கள் போன் குரூப்பில் போட்டான். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்க்காமல் ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். அஜிதாவும் அனுப்பினாள். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள்தான் தாணு வீட்டுக்காரர்கள் வருகிற ஞாயிறு என்று ஆனதும், சரி, அவரையும் அழைத்துப் போவோம் என்று தீர்மானித்தோம். நான்கு பேரும் ஸ்டேக் தின்போம். நால்வரில் ஒருத்தியாக அஜிதாவும் தின்பாள். தனியாகப் பேசி, விளக்கி, கண்ணைத் துடைக்கிற வேலை எல்லாம் வேண்டாம். அவர் முகத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, காலண்டரைத் தவிர.

தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதன் அன்று பங்குச் சாமியார் என் நெற்றியில் சாம்பலைப் பூசி, மண்ணாயிருக்கிறாய் என்று சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, இனி ஈஸ்டர் வரை இறைச்சி கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டேன். அப்போதும் உறைக்கவில்லை. கணக்கு டீச்சர். சில வாரம் கழித்து, அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை சாயங்காலம் அபிலாஷ் போன் செய்தான்.

"மக்கா, ஒரு அபத்தம் பற்றிப்போச்சு. நான் மாலை போட்டாச்சு."

"எதுக்கு மாலை?"

"சிவாலய ஓட்டத்துக்கு. வாற வாரம்லா சிவராத்திரி. மாசின்னு தெரியும், தேதியா எவன் பாத்தான்."

சிவராத்திரிக்குக் காவி கட்டிக்கொண்டு, கையில் விசிறியோடு பன்னிரண்டு சிவன் கோயிலுக்கு ஓடுகிற ஓட்டம். மகளுக்கு மூச்சிரைப்பு வந்தபோது நேர்ந்துகொண்டது, வருடம் தவறாமல் ஓடுகிறான். மாலை போட்டால் மீன்கூடத் தொடமாட்டான். அவன் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு என் தவக்காலம் உறைத்தது. "எனக்கும் ஏலாதுலே" என்றேன். 

அஜிதாவிடம் சொன்னதும் அவளுக்குப் பதற்றத்தில் வெப்ராளம் வந்துவிட்டது. "அப்ப நான் ஒத்தைக்கா திங்கணும்?" என்றாள். தள்ளிப்போட ஞாயிற்றுக்கிழமை விடாது. கடைசியில், "தின்னாலும் திங்காட்டாலும் ரெண்டு பேரும் வந்து இருங்க. ஒத்தைக்கு இருந்தா எனக்கு நாக்கு பொங்காது" என்றாள்.

இப்படியாக, ஜில்லாவிலேயே விலை கூடிய இறைச்சிக்கடையில், நோன்பு பிடித்த நாங்கள் இரண்டு பேரும் அஜிதாவோடு கண்ணாடி ஓரமாக நல்ல மேசையில் போய் உட்கார்ந்தோம். அபிலாஷ் காவி வேட்டியும் துளசிமாலையுமாக வந்திருந்தான். வாசலில் நின்ற ஆள் அவனைப் பார்த்து, தோட்டத்துக் கோயிலுக்கு வழி வேண்டுமா என்று கேட்டாராம். உள்ளே அடுப்பிலிருந்து வந்த மணத்தை நான் என்னவென்று சொல்ல. வெண்ணெயும் மிளகும் இறைச்சியும் சேர்ந்து வறுபடுகிற மணம். மனதுக்குள் ஒரு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டேன்.

தாணு பைக்கில் வந்தார். புதுச் சட்டை, மடிப்புகூடக் கலையவில்லை. எல்லோருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்லிவிட்டு, எல்லைக்கல் நடுகிற இடத்தில் நிற்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். அபிலாஷ் அவரிடம் வடசேரியில் மின்வெட்டு எப்படி என்று கேட்டான். "பரவால்ல" என்றார். வெயில் எப்படி என்று கேட்டான். அதுவும் பரவாயில்லையாம். எனக்கு எரிச்சல் வரத் தொடங்கியது.

கறுப்பு ஏப்ரன் கட்டிய பரிமாறுகிறவர் மெனு கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை போல கெட்டி அட்டை. முதல் இரண்டு பக்கமும் மாடு. அதன் பிறகு கொஞ்சம் மீன், ஒரு காளான். அபிலாஷ் அதைத் திறக்காமலே மேசையில் வைத்து, "எனக்கு ஒரு இளநீர்" என்றான். நான் நெய்மீன் சொன்னேன். தாணு இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "எனக்கும் மீன்" என்றார். பரிமாறுகிறவர் அஜிதா பக்கம் திரும்பினார்.

அஜிதா மெனுவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அபிலாஷின் மாலையைப் பார்த்தாள்.

"மீன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் தண்ணீர் கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குத் தாம்பூலம் மாற்றுவார்கள். அதன் பிறகு இவள் காலம் முழுவதும் மீன் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவளை இழுத்துக்கொண்டு கை கழுவுகிற இடத்துக்குப் போனேன்.

"ஏட்டி, என்ன செய்யப் போற?"

"எல்லாரும் மீனும் இளநீருமா இருக்கச்செல நான் மட்டும் ஒரு மாட்ட முன்னால வச்சு அறுக்கணுமா? பயமா இருக்கு லீமா."

"சரி, நானும் திங்கேன்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்துவிட்டது. "ஃபாதருட்ட பாவசங்கீர்த்தனம் செய்துக்கிடுகேன். ரெண்டு பேருமா திம்போம், வா."

அஜிதா குழாயை மூடினாள். 

"வேண்டாம்" என்றாள். "நீ எனக்காண்டி நோம்பு முறிச்சா, அதுக்கப் பொறத்தால நான் ஒளிஞ்சு திங்க மாதிரியாக்கும். உனக்க வீட்டுல இருந்து தின்னதும் அதுதானே. நீ மீன் தின்னு."

அவள் எனக்கு முன்னால் நடந்து போனாள். முதுகு நேராக இருந்தது, ஆனால் கைப்பை வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உட்கார்ந்ததும் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள்.

"எனக்கு மீன் வேண்டாம். ஸ்டேக் கொண்டு வாங்க."

"மேடம், எந்தப் பதம்? ரேர், மீடியம் ரேர், மீடியம்…"

"நல்லா வேகட்டு. ரெத்தம் காணப்பிடாது."

"எங்க செஃப் மீடியம்தான் சொல்லுவார், மேடம். ரொம்ப வேகவிட்டா ருசி போயிரும்."

"செஃப் திங்கப் போறதில்லல்லா" என்றாள் அஜிதா.

அபிலாஷ் இளநீருக்குள் சிரித்து இருமினான். தாணு சிரிக்கவில்லை. அவர் அஜிதாவைப் பார்த்தார், பிறகு ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்து எனக்கு ஒன்றும் படிக்க முடியவில்லை. வகுப்பில் இப்படி ஒரு முகத்தோடு ஒரு பிள்ளை உட்கார்ந்தால் எழுப்பிக் கேள்வி கேட்பேன். இங்கே கேட்க முடியாது.

மீன்கள் வந்தன. கூடவே ஒரு மரப்பலகையில் அஜிதாவின் ஸ்டேக் வந்தது. இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். மேலே வெண்ணெய் உருகி வழிந்தது. அவள் கத்தியை வாங்கி நடுவில் ஒரு வெட்டு வெட்டினாள். உள்ளே ரோஜா நிறம். அபிலாஷ் சிவ சிவா என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இது வேகல" என்றாள் அஜிதா. பரிமாறுகிறவர் வாதம் செய்யாமல் பலகையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் முகத்தில் சின்னத் துக்கம் தெரிந்தது.

இப்போது அஜிதாவின் முன்னால் ஒன்றும் இல்லை. நாங்கள் மீனைக் குத்திக்கொண்டு இருந்தோம். அப்போதுதான் தாணு வாயைத் திறந்தார்.

"எப்பவும் திம்பீங்களா?"

"மாசத்துல ஒரு தடவை. லீமா வீட்டுல வச்சு."

"போத்தா?"

"போத்து."

அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "எனக்கு அதுக்க மணம் பிடிக்காது" என்றார்.

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். முடிந்தது என்று நினைத்தேன். இந்த மனிதருக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனதில் வரிசையாக வந்துவிட்டது. எங்கள் கடற்கரையில் வளர்ந்தவளுக்கு அதற்குச் சொற்பஞ்சம் கிடையாது. ஆனால் அவர் பேசி முடிக்கவில்லை.

"சின்னதுலயே பிடிக்காது. கோழியும் அப்பிடித்தான். எனக்கு மீன் மட்டும் போதும். நீங்க தின்னா எனக்கு ஒண்ணும் இல்ல. என்னத் திங்கச் சொல்லப்பிடாது."

"சொல்ல மாட்டேன்" என்றாள் அஜிதா.

"வீட்டுல வைக்கதா இருந்தா சட்டி வேற வேணும்."

"சட்டி நான் கொண்டாறேன்."

"அப்ப சரி" என்றார் தாணு. மீனில் ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

நான் எத்தனையோ கல்யாணப் பேச்சு கேட்டிருக்கிறேன். நகை, வீடு, பைக், ஜாதகம். ஒரு தனிச்சட்டியில் முடிந்த பேச்சை இப்போதுதான் கேட்டேன். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. கொஞ்ச நேரம் முன்னால் அவரைப் பற்றி நினைத்ததை எல்லாம் மீனோடு சேர்த்து விழுங்கினேன்.

ஆனால் அஜிதா விடவில்லை. "உங்க அம்மைக்குத் தெரியாம வைக்கணுமா?" என்று கேட்டாள்.

தாணு யோசித்தார். "எனக்கு அம்மைட்ட ஒளிக்க வராது" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எங்களுக்கு மனதிலாகும் முன்பே அந்தப் பக்கம் மணி அடித்துவிட்டது. அவர் ஸ்பீக்கர் போடவில்லை. அந்த அம்மாவின் குரலுக்கு அது தேவைப்படவும் இல்லை.

"சாப்பிட்டியா மக்களே?"

"சாப்பிடுகேன். அம்மா, ஒரு காரியம். இந்தப் பிள்ளை மாட்டிறைச்சி திங்கும்."

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

"நீயும் தின்னியா?"

"நான் இல்ல. மீனாக்கும்."

"உனக்குச் சம்மதமா?"

"சம்மதம்."

"வீட்டுல வைக்குமா?"

"சட்டி வேற கொண்டாறேன்னு சொல்லுகு."

"பூசைமுறிப் பக்கம் கொண்டு போகப்பிடாது, சொல்லிரு." கொஞ்சம் நிறுத்தி அந்த அம்மா கேட்டார். "பின்னே, பிள்ளைக்க அம்மைக்கு இது தெரியுமா? நாளைக்கு அங்க வந்து இருக்கச்செல பேச்சுவாக்குல எனக்க வாயில இருந்து விழுந்திரப்பிடாதுல்லா. பெத்தவளுக்குத் தெரியாதத நான் போய்ச் சொன்னா அவ மனசு என்ன பாடுபடும். அதான் கேக்கேன்."

தாணு போனைக் காதிலிருந்து எடுக்காமல் அஜிதாவைப் பார்த்தார். அஜிதா இல்லை என்று தலையை ஆட்டினாள். "பொறவு விளிக்கேன்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஸ்டேக் திரும்பி வந்தது. இந்தத் தடவை கறுப்பாக, நன்றாக வெந்து வந்திருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. வருகிற மாப்பிள்ளை முகம் சுளிப்பானா என்று வருடக்கணக்காகக் கவலைப்பட்டோம். பகவதியம்மையின் முகத்தை நாங்கள் மூன்று பேரும் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. முன்பின் பார்க்காத ஒரு அம்மா, குக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு அதை நினைத்துவிட்டார்.

"கல்யாணம் முடியட்டு. பொறவு மெல்லச் சொல்லலாம்" என்றேன் நான்.

"நாளைக்கு ஆளு வருகு, இன்னைக்குப் போயா" என்றான் அபிலாஷ்.

"அவரு விளிச்சாருல்லா" என்றாள் அஜிதா. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவது தடவை சரியாக அழுத்தினாள். அவளுடைய போன் பழையது, ஸ்பீக்கரில்தான் பேச முடியும். எண்ணெய் பொரிகிற சத்தம் மேசை முழுக்கக் கேட்டது. நாளைக்கு வருகிறவர்களுக்காகப் பகவதியம்மை சிறுபயறு மாவில் முந்திரிக்கொத்துப் பலகாரம் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னட்டி, எண்ணெ காயுகு, சட்டுனு சொல்லு."

"அம்மா, நான் இறைச்சி திங்கேன்."

"தின்னுட்டு வா. கோழிதானே."

"கோழி இல்ல. போத்து."

எண்ணெய் பொரிந்துகொண்டே இருந்தது. யாரோ அதில் கரண்டியை விட்டுக் கிளறினார்கள்.

"எப்பத்துல இருந்து?"

"காலேஜ் படிக்கதுல இருந்து."

"லீமா வீட்டுல வச்சா?"

நான் நாற்காலியில் கொஞ்சம் கீழே இறங்கினேன்.

"ஆமாம்மா."

"அவளும் அங்க இருந்து திங்காளா இப்ப?"

"இல்ல. அவளுக்கு நோம்பு."

"அபிலாஷு?"

"அவன் மாலை போட்டிருக்கான்."

"அவளுக்கு நோம்பு உண்டு. அவனுக்கு மாலை உண்டு. எனக்க மவளுக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றார் பகவதியம்மை. போன் அணைந்துவிட்டது.

அஜிதா அதை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்திருக்கும். நாளைக்கு வர வேண்டாம் என்று பகவதியம்மை வடசேரிக்குச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம் வந்தது. இந்த ஸ்டேக் ஹவுஸை, அந்த ஆஸ்திரேலியாக்காரரை, கட்டைவிரலை அனுப்பிய என்னை, எல்லாரையும் மனதில் வைது தீர்த்தேன்.

தாணு கையை நீட்டி மரப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார். மணம் பிடிக்காதவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார் என்று நினைக்கிறேன். "ஆறிப்போகும்" என்றார்.

அஜிதா ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தாள். வெகுநேரம் மென்றாள். "எப்பிடி இருக்கு?" என்று அபிலாஷ் கேட்டான். "எரிவு காணாது. லீமாவுக்க அம்மை வச்சது மாதிரி இல்ல" என்றாள். இவ்வளவு அமளியிலும் அவளுக்கு ருசி தெரிந்தது எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது.

பாதி தின்பதற்குள் போன் அடித்தது. பகவதியம்மைதான். இப்போது எண்ணெய்ச் சத்தம் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"அவருக்குத் தெரியுமா?"

"அவருக்க முன்னால வச்சுத்தான் திங்கேன்."

"அவருக்க அம்மைக்கு?"

"தெரியும்மா. மொதல்ல உங்களுக்குத் தெரியுமான்னு அவங்கதான் கேட்டாங்க. பெத்தவளுக்குத் தெரியாம இருந்தா மனசு என்ன பாடுபடும்னு சொன்னாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்பிடியா சொன்னாங்க."

"ஆமாம்மா."

"போன அவருட்ட கொடு. எல்லாரும் கேக்க வேண்டாம், அத அணைச்சிட்டுக் கொடு."

ஸ்பீக்கரை அணைத்தால் பழைய போனில் சரியாகக் கேட்காது. தாணு அதை வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார். ஒரு கையால் மறு காதைப் பொத்திக்கொண்டார். எங்களுக்கு அவர் சொல்வது மட்டும் கேட்டது.

"ஆமா அத்தை… இல்ல, நான் மீனாக்கும்… எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை… இல்ல, அம்மைக்கும் ஒண்ணும் இல்ல… ஆமா, சட்டி வேற… பதினோரு பேரு வருவோம்… இல்ல, பெரியப்பாவுக்கு மட்டும் சர்க்கரை உண்டு… சரி அத்தை… சொல்லுகேன்."

அவர் முதல் தடவை அத்தை என்றதுமே அஜிதா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். பதினோரு பேர் வருவோம் என்றதும் அவள் கண் நிறைந்தது. அபிலாஷ் மாலையைப் பிடித்து ஏதோ முணுமுணுத்தான்.

தாணு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். அவர் பேசத் தொடங்க நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மனிதரோடு வாழப் போகிறவளுக்குப் பொறுமை வேண்டும்.

"முந்திரிக்கொத்து காணாதாம்" என்றார். "போகச்செல சிறுபயறு வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"வேற?" என்றாள் அஜிதா. 

"வீட்டுக்கு வந்தா குளிச்சிட்டுத்தான் அடுக்களையில ஏறணுமாம்."

அஜிதா சிரித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, பரிமாறுகிறவர் பயந்துபோய் இன்னொரு கிளாஸ் தண்ணீர் கொண்டு வந்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அவள் என்ன தின்றாள் என்று தெரிந்த ஒரு வீட்டுக்கு அவள் திரும்பிப் போகப் போகிறாள். குளித்துவிட்டு ஏறச் சொல்லியிருக்கிறார்கள். ஏறக்கூடாது என்று சொல்லவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையை முன்னால் இழுத்தாள். அவசரம் இல்லாமல், ஒவ்வொரு துண்டாக வெட்டி, எங்கள் எல்லார் முன்னாலும் மிச்சம் முழுவதையும் தின்று முடித்தாள். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாயில் எச்சில் ஊறியதையும் ஒத்துக்கொள்கிறேன். ஈஸ்டர் வரட்டும்.